நட்டைக் கழற்றியும் ஸ்டெர்ன்டிரைவ் பிரியவில்லையா?

படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் ஸ்டெர்ன்டிரைவ், மெர்குரூசர் ஆல்ஃபா ஒன் மாடல், ஆறு நட்டும் கழற்றியாச்சு, டிரைவ் அசையவே இல்லை, புல்லர் (இழுத்துப் பிடுங்கும் கருவி) காசிமேட்டில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் சிலிண்டரைக் கழற்றினீர்களா, கியர் ஃபார்வர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆல்ஃபாவில் அப்படி வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

அதெல்லாம் சரி என்றால், பெல்லோஸ் என்கிற ரப்பர் உறை கிழிந்து உப்புத்தண்ணீர் உள்ளே போய், இன்ஜினிலிருந்து டிரைவுக்குச் சுழற்சி கொண்டுவரும் யூ-ஜாயின்ட் தண்டு, அதைத் தாங்கும் கிம்பல் பேரிங்கோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். உளியை இடுக்கில் விட்டு மட்டும் நெம்பாதீர்கள், அலுமினிய முகம் கீறினால் அப்புறம் கேஸ்கெட் போட்டாலும் அங்கேதான் ஒழுகும். நட்டு மாட்டியிருந்த ஸ்டட்டுகளைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் ஒருவர் கீழே தாங்க, டிரைவை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி இழுங்கள். விரல்கடை அளவு இடைவெளி விழுந்தால் பாதி வேலை முடிந்தது. அடித்தே தீர வேண்டுமென்றால் ரப்பர் சுத்தியல். பெட்ரோல் வாசம் வரும் இடத்தில் கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம்.

டிரைவ் வந்த பிறகு அந்த பேரிங்கைப் பிடுங்கத்தான் ஸ்லைடு ஹேமர் புல்லர் தேவை. காசிமேட்டில் விசாரித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் தேடுங்கள், அங்கேயும் இல்லையென்றால் ராயபுரம் பக்கம் ஏதாவது லேத்தில் அளவு கொடுத்துக் கடைந்து வாங்குங்கள்.