முதலில் உயிரியலா, ஊட்டச்சத்தியலா?

வாசகர் கேள்வி: பள்ளியில் வணிகவியல் படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். முதலாண்டில் ஓர் அறிவியல் பாடத்தையாவது எடுக்க வேண்டும். பொது உயிரியல், ஊட்டச்சத்தியல் அறிமுகம், மனித உடல்நலம் ஆகிய மூன்றில் ஊட்டச்சத்தியல்தான் எளிது என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். பிற்பாடு உணவியல் வல்லுநராகலாமா என்ற எண்ணமும் எனக்கு உண்டு. வேதியியல் அறவே தெரியாது. எதை எடுப்பது, எப்படிப் படிப்பது?

பதில்: உணவியல் துறைக்குப் போகும் எண்ணம் மனத்தின் ஓரத்தில் இருந்தாலும், பொது உயிரியலை முதலில் எடுத்துக்கொண்டு ஊட்டச்சத்தியலை அடுத்த பருவத்துக்குத் தள்ளி வையுங்கள். அந்த எண்ணம் இல்லை, பட்டத்துக்கு ஓர் அறிவியல் பாடம் போதும் என்றால், மற்ற இரண்டில் எதை எடுத்தாலும் உங்களுக்குப் பயன் உண்டு.

ஊட்டச்சத்தியல் எளிதாகத் தோன்றுவதற்குக் காரணம், அதில் வரும் சொற்களைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம் என்பதுதான். புரதம், கொழுப்பு, வைட்டமின், கலோரி எல்லாம் பழகிய சொற்கள். ஆனால் சொல் பழகியிருப்பது வேறு, அதன் பின்னால் உடலில் நடப்பதை அறிந்திருப்பது வேறு. 'தையமின் (வைட்டமின் பி1) குறைந்தால் பெரிபெரி நோய் வரும்' என்ற ஒற்றை வரியை எடுத்துக்கொள்வோம். உயிரியல் படிக்காதவருக்கு அது மனப்பாடம் செய்யவேண்டிய இருபது வரிகளில் ஒன்று. செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் முறையான செல்சுவாசத்தைப் படித்தவருக்கோ அதன் காரணம் கண்முன் விரியும்: மாவுச்சத்து செரித்துக் குளுக்கோசாகிறது, குளுக்கோஸ் செல்லுக்குள் பைருவேட் என்ற சிறு மூலக்கூறாக உடைகிறது, பைருவேட் செல்லின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்ததும், வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் ஒரு நொதித் தொகுதி அதை அடுத்த கட்டத்துக்கு மாற்றுகிறது, அந்த நொதி இயங்கத் தையமினிலிருந்து உருவாகும் துணைப்பொருள் வேண்டும். அது இல்லையேல் உணவு இருந்தும் செல்லுக்குப் போதிய ஆற்றல் கிடைக்காது. இடைவிடாமல் ஆற்றல் கேட்கும் நரம்புகளும் இதயமும் அந்நோயில் முதலில் தளர்வது ஏன் என்பதும் அப்போது தானாகவே விளங்கிவிடும்.

இந்த நோயின் வரலாற்றையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 1890களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசிக்கு மாற்றியதும் அவை தேறுவதையும் கண்டார். அவருடைய கவனிப்பு சரியானது; ஆனால் அரிசியில் ஏதோ நச்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று அவர் சொன்ன விளக்கம் தவறானது. ஒரு பொருள் 'இருப்பதால்' அல்ல, 'இல்லாததால்' நோய் வருகிறது என்பதை அவருக்குப் பின் அங்கே ஆய்வைத் தொடர்ந்த கெர்ரிட் கிரைன்ஸ்தான் எடுத்துரைத்தார். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. உடல்நலம் பற்றி நாள்தோறும் வரும் செய்திகளைப் படிக்கும்போது, கண்டது எது, அதற்குச் சொல்லும் காரணம் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இந்த மூன்று பாடங்களும் தரக்கூடியவற்றில் அதையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

வணிகவியல் படித்தவர் என்பதால் நீங்கள் தயங்கவே வேண்டாம். ஊட்டச்சத்தியலில் கணக்கு நிறைய வரும், அங்கே உங்கள் கை ஓங்கியிருக்கும். ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும், கொழுப்பு 9 தரும். கொழுப்பு மூலக்கூறில் ஆக்சிஜன் குறைவாகவும் ஹைட்ரஜனோடு பிணைந்த கார்பன் அதிகமாகவும் இருப்பதால், அது எரியும்போது வெளிப்படும் ஆற்றலும் அதிகம். ஒரு சத்தை நாள்தோறும் எவ்வளவு உண்ண வேண்டும் என்று வல்லுநர்கள் குறிக்கும் பரிந்துரை அளவு என்ற கருத்தையும் எண்களோடு பழகியவர் எளிதில் பற்றிக்கொள்வார்: அது ஒவ்வொருவருக்கும் தேவையான குறைந்தபட்ச அளவு அன்று; ஆரோக்கியமானவர்களில் 97 முதல் 98 விழுக்காட்டினரின் தேவையை நிறைவுசெய்யும்படி உயர்த்தி வைக்கப்பட்ட அளவு. எனவே அதற்குச் சற்றுக் குறைவாக உண்பவர் எல்லாரும் குறைபாடு உள்ளவர்கள் என்று முடிவுகட்ட முடியாது. மனித உடல்நலப் பாடத்தில் வரும் நோய் அபாயக் கணக்கும் அப்படித்தான். ஆயிரம் பேரில் இருவருக்கு வந்த நோய் மூவருக்கு வந்தால் 'அபாயம் 50 விழுக்காடு கூடியது' என்றும் சொல்லலாம், 'ஆயிரத்துக்கு ஒருவர் கூடினார்' என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை, ஆனால் கேட்பவர் மனத்தில் இரண்டும் ஒரே அச்சத்தை உண்டாக்குவதில்லை.

பதிவு செய்யுமுன் பாடத்திட்டக் குறிப்பை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். பல கல்லூரிகளில் உயிரியல் அறிமுகம் இரண்டு வகையாக இருக்கும்: ஒன்று அறிவியல் பட்ட மாணவர்களுக்கு, மற்றொன்று பிற துறையினருக்கு. இரண்டாவதில் பெற்ற மதிப்பெண்ணை உணவியல், செவிலியம் போன்ற படிப்புகள் முன்தகுதியாக ஏற்காமல் போகலாம். ஆய்வக வகுப்பு சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டு அறியுங்கள். நீங்கள் பிற்பாடு சேர விரும்பும் துறையின் அலுவலகத்திலேயே நேரில் கேட்டுவிடுவது நல்லது. மூத்த மாணவர்கள் சொன்னதை மட்டும் நம்பிப் பதிவு செய்ய வேண்டாம்.

படிக்கும் முறையைப் பொறுத்தவரை, பாடநூலை வண்ணக்கோடிட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் தெரிந்துவிட்டது போன்ற உணர்வு வருமே தவிர, தேர்வில் நினைவு வருவது அரிது. புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு கவளம் உணவு வாயில் தொடங்கிச் செல்லின் மைட்டோகாண்ட்ரியா வரை போகும் வழியை வெறுந்தாளில் வரைந்து பாருங்கள். கை நின்றுபோகும் இடம்தான் நீங்கள் மீண்டும் படிக்க வேண்டிய இடம். முதல் மாதத்தில் வாரத்துக்கு ஒருமுறை அதே படத்தை வரைந்தால், நொதி, ஹார்மோன், உறிஞ்சுதல் என்று ஒவ்வொரு வாரப் பாடமும் அதில் தனக்குரிய இடத்தில் வந்து அமரும்.

வேதியியலில் உங்களுக்கு உடனடியாக வேண்டியது கொஞ்சம்தான்: அணுக்கள் எப்படிப் பிணைகின்றன, நீரில் கரையும் பொருளும் கரையாத பொருளும் ஏன் வேறுபடுகின்றன, செறிவு என்றால் என்ன, பிஎச் அளவில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதன் பொருள் என்ன. இவற்றை வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் பள்ளிப் பாடநூலிலிருந்தே படித்துவிடலாம். புரியாத இடத்தை முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். செல் சவ்வும், அதன் வழியே கரைபொருள் மிகுந்த பக்கத்துக்கு நீர் நகரும் சவ்வூடு பரவலும் பருவத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும், அந்தப் பகுதி முழுவதும் கரைதிறனையும் செறிவையும் நம்பித்தான் நிற்கிறது.