காலரா காலத்தில் காதல்: முதல் பகுதியில் திணறுகிறீர்களா?

கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் இந்த நாவலில் முதல் பகுதி முழுக்க ஃபெர்மினாவின் கணவர் டாக்டர் உர்பினோதான், அவளுடைய பழைய காதலன் ஃப்ளோரன்டினோவைக் காணோம், அப்புறம் கதை திடீரென்று பின்னால் போகிறது, புத்தகத்தை மூடிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மூட வேண்டாம்.

அந்தப் பகுதி பெரும்பாலும் ஒரே நாள். கிளியைப் பிடிக்க மாமரத்தில் ஏணி வைத்து ஏறி டாக்டர் விழுந்து சாகிறார். துக்க வீட்டிலேயே ஃப்ளோரன்டினோ ஃபெர்மினாவிடம் பழைய காதலை மறுபடி சொல்கிறான், விரட்டப்படுகிறான். அடுத்து வருவது அவன் காத்திருந்த 51 வருடம், 9 மாதம், 4 நாள். அந்தக் காத்திருப்பு எங்கே வந்து நிற்கிறது என்று முன்பே தெரிந்துவிட்டதால், ‘என்ன ஆகும்’ என்பதைவிட ‘இவ்வளவு காலம் எப்படிப் போனது’ என்றே படிப்போம். பின்னால், டாக்டரின் சாவுக்கு அடித்த அதே மணி ஃப்ளோரன்டினோ பக்கத்திலிருந்து ஒலிக்கும். அங்கே எல்லாம் பொருந்திவிடும்.

ஒன்று மட்டும்: ஃப்ளோரன்டினோ தன்னைப் பற்றி நினைப்பதை அப்படியே நம்பாதீர்கள். காத்திருந்தவன் 622 உறவுகளைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருக்கிறான்! ஃபெர்மினாவோ இளம் வயதிலேயே சந்தையில் அவனை நேரில் பார்த்த கணமே அந்தக் காதல் வெறும் மாயை என்று ஒதுக்கிவிடுகிறாள். ஒரே காதல், இரண்டு நினைவு. கதைசொல்லி யாருக்கும் தீர்ப்பு சொல்வதில்லை, எனக்குப் பிடித்ததே அதுதான்.

தேதிகளைக் கணக்குப் போடாமல் இரண்டாம் பகுதியை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்.