ஏழு வயது மகளுக்குத் தள்ளுவண்டி

கேள்வி: அமெரிக்காவின் ஆர்லாண்டோ அருகே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்கிறோம். நாள் முழுவதும் நடக்க இயலாத ஏழு வயது மகளுக்கு ஏற்ற தள்ளுவண்டி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். இந்த வயதில் வண்டியா என்று கூச்சப்படாதீர்கள். அந்த வெயிலில் பெரியவர்களுக்கே கால் கடுத்துவிடும். எடை வரம்பை மட்டும் நம்பாமல், இருக்கையிலிருந்து மேற்கூரை வரையிலான உயரத்தையும் கால் வைக்கும் பலகையின் தூரத்தையும் அளந்து பாருங்கள். எடை பொருந்தினாலும் தலை கூரையில் இடிப்பதும் செருப்பு தரையில் உரசுவதும் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரும் தொல்லை. அகலம் 31 அங்குலத்தையோ நீளம் 52 அங்குலத்தையோ தாண்டிய வண்டிகளுக்கும், இழுத்துச் செல்லும் வேகன்களுக்கும் உள்ளே அனுமதி இல்லை. பூங்காவில் வாடகைக்குத் தரும் வண்டியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பதால், இரவில் உறங்கிப்போன மகளைப் பேருந்து வரை நீங்கள்தான் தூக்க வேண்டியிருக்கும். ஆகவே விடுதி வரை கொண்டுசெல்லக்கூடிய வண்டியை வெளியில் வாடகைக்கு எடுப்பதையே பரிந்துரைக்கிறேன்.