கால் என்றால் எதில் கால்?

அன்புள்ள ஐயா,

ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 36 பிள்ளைகள். பின்னம் என்றாலே முகம் வாடுகிறது என்று, பரமபத அட்டை வரைந்து கட்டத்துக்கு ஒரு பின்னக் கேள்வி எழுதினேன். சரியாகச் சொன்னால் பகடை உருட்டலாம். ஒரே கொண்டாட்டம். ஆனால் தேர்வில் 1/2 + 1/4 = 2/6 என்றே எழுதுகிறார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் என்று புகார் வேறு. செல்போன் செயலிகள் உதவுமா? வாரம் எத்தனை நாள் விளையாட விடலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சத்தத்தை விடுங்கள், பிள்ளைகள் கணக்கைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள் என்றால் நல்லதே. செயலியையும் விடுங்கள், கையில் காகிதம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம் போதும்.

உங்கள் பரமபதம் பின்ன விளையாட்டே இல்லை. கேள்விகளை அழித்துவிட்டுத் திருக்குறள் கேள்விகளை எழுதுங்கள், ஆட்டம் அப்படியே நடக்கும். அதைவிட மோசம், சரியாகச் சொல்பவர்தான் உருட்டலாம் என்ற விதி. தெரியாத பிள்ளைக்குத்தான் பயிற்சி வேண்டும், அவளைத்தான் உட்கார்த்தி வைக்கிறீர்கள். அட்டை வரைய இரவு முழுக்க உழைத்திருப்பீர்கள், அந்த அக்கறை புரிகிறது. ஆனாலும் அது வண்ணம் பூசிய வாய்மொழித் தேர்வுதான்.

2/6 உங்கள் வகுப்பின் நோய் மட்டுமல்ல. 1978-ல் அமெரிக்காவில் நாடளாவிய தேர்வு ஒன்றில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 ஏறக்குறைய எவ்வளவு என்று கேட்டு, 1, 2, 19, 21 என்று விடைகள் கொடுத்தார்கள். 2 என்றவர்கள் நூற்றுக்கு 24 பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. 12/13, 7/8 இரண்டுமே ஏறக்குறைய ஒன்று என்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை. பின்னத்தை அவர்கள் ஓர் அளவாகப் பார்க்கவில்லை, கோட்டுக்கு மேலும் கீழுமாக இரண்டு எண்களாகப் பார்த்தார்கள்.

அளவாகப் பார்க்க வைக்கும் ஓர் ஆட்டம் சொல்கிறேன். ஆளுக்கு ஐந்து நிறத்தில் 32 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் காகிதப் பட்டைகள். ஒன்று முழுசாக இருக்கட்டும். மற்றவை 2, 4, 8, 16 துண்டுகள். ஒரேயடியாக நான்கு மடிப்பு மடித்து 16 ஆக்காதீர்கள். உள்ளே மாட்டிய துண்டு குட்டையாகும், வெளித்துண்டு நீளும், பிறகு இரண்டு வீசம் (பதினாறில் ஒன்று) ஓர் அரைக்காலோடு (எட்டில் ஒன்று) பொருந்தாது. ஒரு மடிப்பு, ஒரு வெட்டு, பிறகு ஒவ்வொரு துண்டையும் தனியாக மடிப்பு. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

துண்டுகளைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்லுங்கள்: அரை, கால், அரைக்கால், வீசம். ‘ஒன்று பை எட்டு’ என்று வாசிக்க வைப்பதை நிறுத்துங்கள், தயவுசெய்து! எட்டில் ஒன்று என்றால் பொருள் இருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் பாதி, பெருக்கலே அந்தப் பெயரில் இருக்கிறது. 320-ல் ஒன்றுக்குக்கூட முந்திரி என்று பெயர் வைத்திருந்த மொழி இது.

பகடையின் ஆறு முகங்களில் 1/2, 1/4, 1/8, 1/8, 1/16, 1/16 என்று ஒட்டுங்கள். இருவர் இருவராக ஆடட்டும். முதல் வாரம் மூடும் ஆட்டம்: விழுந்த துண்டை முழுப் பட்டையின்மேல் வைக்க வேண்டும், மிச்சமின்றி மூடுபவர் வென்றார், இடம் போதாத துண்டு விழுந்தால் வாய்ப்புப் போச்சு. முடிந்ததும் 1/2 + 1/4 + 1/8 + 1/16 + 1/16 = 1 என்பதுபோல் அவரவர் மூடியதை நோட்டில் எழுத வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அப்போது ஆட்டம் கையோடு நின்றுபோகும்.

அடுத்தது எடுக்கும் ஆட்டம். இரண்டு அரைகளோடு தொடங்கி, விழுந்த துண்டை எடுக்க வேண்டும். அரைக்கால் விழுந்தால்? அரைதான் இருக்கிறது, மாற்ற வேண்டும். ஒரு முறையில் மாற்றலாம் அல்லது எடுக்கலாம், இரண்டும் கூடாது. இந்த விதியைத் தளர்த்தவே தளர்த்தாதீர்கள். தளர்த்தினால் விழுந்ததைப் பார்த்து மாற்றி எடுத்துவிடுவார்கள், முன்யோசனையே இருக்காது. விதி இருந்தால்தான் ஒரு பிள்ளை அரையை எட்டு வீசமாக மாற்றிவிட்டு, வீசம் விழ வேண்டுமே என்று தவிப்பாள். எதிரே இருப்பவன் அதே அரையை ஒரு கால், ஓர் அரைக்கால், இரண்டு வீசம் என்று மாற்றுவான். அவன் அந்த அரையை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறான். சமான பின்னம் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவது இதைத்தான். அரைக்கால் விழுந்தால் இரண்டு வீசத்தை எடுக்கலாமா என்று கேட்பார்கள். முதலில் மறுத்துவிடுங்கள், மாற்றித்தான் எடுக்க வேண்டும்.

இந்த 32 செ.மீ. பட்டைக் கட்டோடு நிறுத்திவிட்டால் பாதி பாதியாக வெட்டுவது மட்டும்தான் தெரியும், மூன்றில் ஒன்று வராது. அடுத்த கட்டு 24 செ.மீ.: அரை 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, பன்னிரண்டில் ஒன்று 2. இதற்கு மடிப்பு வேண்டாம், அளவுகோல் வையுங்கள். உங்கள் 2/6-ஐ இங்கே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 8 செ.மீ. தான் வரும். அரையே 12 ஆயிற்றே, அதோடு காலையும் சேர்த்த பிறகு குறைந்துவிட்டதா என்று கேளுங்கள்.

இரண்டு கட்டும் கலந்துவிடக் கூடாது என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். ஒரே ஒருநாள் வேண்டுமென்றே கலந்துவிடுங்கள். பழைய கட்டின் கால் துண்டை, அதுவும் 8 செ.மீ. தான், புதிய பட்டையில் அடுக்கச் சொல்லுங்கள். மூன்றிலேயே நிறைந்துவிடும். ‘கால்தானே டீச்சர், நாலு வரணுமே’ என்று ஒரு குரல் வரும். பதில் சொல்லாதீர்கள். இரண்டு முழுப் பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.