ஒரே வடிப்பாலை, இரண்டு பாட்டில்கள்

அன்புள்ள ஐயா,

ஒரே வடிப்பாலையில் முளைவிட்ட பார்லியிலிருந்து வடிக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கி பற்றி நீங்கள் முன்பு எழுதியதை வாசித்த பிறகுதான் அதைக் கொஞ்சம் கவனித்து அருந்தத் தொடங்கினேன். இப்போது கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். என்னிடம் ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள கல் ஈலா வடிப்பாலையின் விஸ்கி இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்று வடிப்பாலையின் சொந்த வெளியீடான 12 ஆண்டு, ஆல்கஹால் 43 சதவீதம். கோடையில் திறந்தது, கால்வாசிதான் மிச்சம். மற்றது ஒரு தனி நிறுவனம் ஒற்றைப் பீப்பாயிலிருந்து எடுத்து அடைத்த 11 ஆண்டு, 57.5 சதவீதம். அதைப் போன வாரம் திறந்தேன். முதலாவதில் எலுமிச்சைத் தோலும் மெல்லிய புகையும் தெரிகின்றன. இரண்டாவது நாக்கைச் சுடுகிறது, புகையும் முரட்டுத்தனமாக இருக்கிறது. தண்ணீர் விட்டதும் கலங்கிப் போனது. இரண்டாவதுதான் அசல், முதலாவது தண்ணீர் கலந்து சாயம் ஏற்றிய சரக்கு என்கிறார் அலுவலக நண்பர். நான் தண்ணீர் விட்டதற்கும் கடிந்துகொண்டார். எது உண்மையான கல் ஈலா? இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? அதே நிறுவனத்தின், ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் வைத்த கல் ஈலா ஒன்றும் கடையில் இருக்கிறது. விலை அதிகம். வாங்கலாமா?

அன்புடன்,
எஸ்.ஆர்., கிளாஸ்கோ

அன்புள்ள எஸ்.ஆர்.,

உங்கள் நண்பர் சொல்லும் தகவல்களில் பெரிய பிழை இல்லை. அவற்றிலிருந்து அவர் எட்டும் முடிவுதான் பொருந்தவில்லை. 12 ஆண்டு பாட்டிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பது சரி. ஆனால் அவர் அசல் என்று சொல்லும் பாட்டிலிலும் தண்ணீர் இருக்கிறது. கொப்பரையிலிருந்து இறங்கும் புதுச் சாராயம் 70 சதவீதத்தை ஒட்டிய வீரியத்தில் இருக்கும். ஸ்காட்லாந்தின் பெரும்பாலான வடிப்பாலைகள் அதைத் தண்ணீர் விட்டு 63.5 சதவீதத்துக்கு இறக்கிய பிறகே பீப்பாயில் நிரப்புகின்றன. பீப்பாயில் கிடக்கும் ஆண்டுகளில் ஆல்கஹால் ஆவியாகி, உங்கள் பாட்டிலில் உள்ளதைப் போன்ற ஓர் அளவுக்கு வந்து சேர்கிறது. ஆகவே ஒன்றில் ஒருமுறை தண்ணீர், மற்றதில் இருமுறை என்பதே வேறுபாடு. 2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைச் சட்டம் ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்துக்குள்ளேயே, குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும் என்கிறது. தண்ணீரும் சர்க்கரையைக் காய்ச்சி எடுத்த சாயமும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது, 40 சதவீதத்துக்குக் கீழே இறக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் இரண்டு பாட்டில்களும் இந்த வேலிக்குள் இருப்பவைதான்.

நண்பரின் எண்ணத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கல் ஈலா 1846-இல் தொடங்கப்பட்டது. 1972 முதல் 1974 வரை பழைய கட்டடத்தை இடித்து ஆறு கொப்பரைகளுடன் புதிதாகக் கட்டினார்கள். கொப்பரைக் கூடத்தின் பெரிய கண்ணாடிச் சுவருக்கு அப்பால் குறுகிய கடலும், அதற்கும் அப்பால் ஜூரா தீவின் மலைகளும் தெரியும். தீவின் மிகப் பெரிய வடிப்பாலை அது என்றாலும் அதன் பெயரை நெடுங்காலம் பலரும் அறியவில்லை. அங்கே வடிப்பதில் பெரும்பகுதி ஜானி வாக்கர் போன்ற கலப்பு விஸ்கிகளுக்குள் போய்க் கரைந்துவிடும். நீங்கள் வைத்திருக்கும் 12 ஆண்டு வெளியீடு 2002-இல்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் கல் ஈலாவைத் தேடிக் குடித்தவர்கள் பெரும்பாலும் எல்கினின் கார்டன் அண்ட் மெக்ஃபெயில், கேம்பல்டவுனின் கேடன்ஹெட், சிக்னேட்டரி போன்ற தனி நிறுவனங்கள் அடைத்ததையே குடித்தார்கள். கலப்பு விஸ்கிக்காக ஏராளமாக வடிப்பதால் பீப்பாய்கள் தரகர்கள் வழியே வெளியே வந்துகொண்டே இருக்கின்றன. வேறு சில வடிப்பாலைகள் இதற்கு நேர் எதிர். தங்கள் பெயரை இன்னொருவர் லேபிளில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே, விற்கும் பீப்பாயில் வேறொரு வடிப்பாலையின் மால்ட்டை ஒரு கரண்டி ஊற்றிவிடுகிறார்கள். அதன்பின் அது சட்டப்படி சிங்கிள் மால்ட் ஆகாது. நாவில் வைத்து எந்த மேதையாலும் அந்தக் கரண்டியைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இனி உங்கள் இரண்டு பாட்டில்களுக்கு வருகிறேன். கொப்பரையை விட்டு இறங்கிய பிறகு ஒரு சாராயத்துக்கு என்னவெல்லாம் நேர்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் என்ற அந்நாட்டு விஸ்கியைப் புதிதாகக் கருக்கிய ஓக் கலத்தில்தான் முதிர்விக்க வேண்டும் என்பதால், ஒருமுறை பயன்பட்ட 200 லிட்டர் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு மலிவாக வந்து சேர்கின்றன. அவற்றின் பலகைகளைக் கழற்றிப் பெரிதாகக் கட்டினால் 250 லிட்டர் கொள்ளும் ஹாக்ஸ்ஹெட் பீப்பாய். ஷெர்ரிக்கான ‘பட்’ என்ற பெரிய பீப்பாய் 500 லிட்டர். பீப்பாய் சிறியதாகவும் புதியதாகவும் இருந்தால் மரம் விரைவில் பேசத் தொடங்கும். இரண்டு மூன்று முறை நிரப்பி ஓய்ந்த பீப்பாயில் மரம் அடங்கி, வடிப்பாலையின் சாராயம் முன்னால் நிற்கும். வடிப்பாலையின் 12 ஆண்டு என்பது இப்படிப்பட்ட பல பீப்பாய்களை ஒன்றாகச் சேர்த்தது. லேபிளில் உள்ள 12 என்பது அவற்றுள் மிக இளையதன் வயது. அதைவிட மூத்ததும் உள்ளே இருக்கலாம். கிளாஸ்கோவில் இந்த ஆண்டு வாங்கினாலும் டோக்கியோவில் அடுத்த ஆண்டு வாங்கினாலும் அதே எலுமிச்சை, அதே புகை கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் உட்கார்ந்து பீப்பாய் பீப்பாயாக முகர்ந்து சேர்த்திருக்கிறார். அதைத் தொழிற்சாலைச் சரக்கு என்று தள்ளிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்கள் 11 ஆண்டு பாட்டில் ஒரே ஒரு பீப்பாய். அதில் வந்தது சில நூறு பாட்டில்கள்தான்; அதன் பக்கத்திலேயே அதே நாளில் நிரப்பிய இன்னொரு பீப்பாயைத் திறந்திருந்தால் வேறு கதையாக இருந்திருக்கும். ஒற்றைப் பீப்பாயை வைத்து வடிப்பாலையை எடைபோடுவது, ஒரு பருக்கையை மட்டும் எடுத்துப் பார்த்துச் சோறு பதம் சொல்வதைப் போன்றது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இங்கே ஒவ்வொரு பருக்கையும் வேறு பதத்தில் வெந்திருக்கிறது.

புகையே கல் ஈலாவின் மாறாத குணம் என்றும் சொல்வதற்கில்லை. பீட் என்ற சதுப்பு நிலக் கரியின் புகை காட்டாத பார்லியிலிருந்தும் அங்கே வடித்திருக்கிறார்கள். 2006 முதல் அது சிறப்பு வெளியீடுகளில் வந்தது. அதைக் குடித்தால் பேரிக்காயும் பச்சைப் புல்லும்தான் கிடைக்கும், புகை இருக்காது. அதே தீவின் லகவூலின் வடிப்பாலையும் கல் ஈலாவும், பார்லியை முளைகட்டிப் புகையேற்றும் போர்ட் எலன் ஆலையில் கிட்டத்தட்ட ஒரே அளவு புகையேற்றிய பார்லியை வாங்குகின்றன. ஆனால் வேறு வடிவக் கொப்பரைகளும் வேறு வடிக்கும் முறையும் ஒன்றைக் கனமாகவும் மற்றதை எண்ணெய்ப்பதமும் எலுமிச்சையுமாகவும் ஆக்கிவிடுகின்றன.

தண்ணீர் விட்டதும் கலங்கியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது குறையன்று. விஸ்கியில் நீண்ட கொழுப்பு அமிலங்களின் எஸ்டர்கள் கரைந்திருக்கின்றன. ஆல்கஹால் 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ நன்றாகக் குளிர்ந்தாலோ அவை கரைசலிலிருந்து பிரிந்து மூட்டமாகத் தெரியும். கடை அலமாரியில் கலங்கிய பாட்டிலை யாரும் வாங்க மாட்டார்கள் என்ற அச்சத்தில், 40, 43 சதவீதத்தில் அடைப்பவர்கள் பலரும் முன்கூட்டியே குளிரூட்டி வடிகட்டி அவற்றை நீக்கிவிடுகிறார்கள். பல லேபிள்களில் 46 என்ற எண் தென்படுவதன் காரணம் இதுதான். அந்த வீரியத்தில் வடிகட்டாமலே தெளிவாக நிற்கும். ஐலாவின் இன்னொரு வடிப்பாலையான பன்னஹாபன் தன் 12 ஆண்டை 2010-இல் 40-லிருந்து 46.3-க்கு உயர்த்தி, வடிகட்டுவதையும் சாயத்தையும் கைவிட்டது. வாயில் ஒருவித வழுவழுப்புக் கூடியது என்பது என் அனுபவம். ஆனால் அந்தக் கூடுதலில் எவ்வளவு வடிகட்டாததால் வந்தது, எவ்வளவு ஏறிய ஆல்கஹாலால் வந்தது என்று பிரித்துச் சொல்ல அந்த ஒப்பீட்டில் வழியில்லை.

உங்கள் ஒப்பீட்டின் சிக்கலும் இதேதான். 43-ஐயும் 57.5-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்தால் நாக்கு முதலில் ஒப்பிடுவது ஆல்கஹாலை. எனவே வீரியத்தைச் சமமாக்குங்கள். 11 ஆண்டில் 15 மில்லி ஊற்றி 5 மில்லி தண்ணீர் சேர்த்தால் அது ஏறத்தாழ 43 சதவீதத்துக்கு வந்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சு இதற்குப் போதும். அடிபருத்து வாய் குவிந்த ஒரே மாதிரிக் கோப்பைகளில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்பிலேயே நிறுத்தி, வாயை லேசாகத் திறந்துகொண்டு முகருங்கள். ஆல்கஹாலின் குத்தல் தணிந்து வாசனை தெளியும். நீங்கள் முரடு என்று எழுதிய அந்தப் புகை அப்போது இரண்டாகப் பிரிவதைக் காணலாம்: ஒன்று விறகடுப்பின் சாம்பல், மற்றது டிஞ்சரும் கருவாடும் கலந்த கடற்கரை வாடை. அவற்றுக்குக் கீழே அதே எலுமிச்சைத் தோல் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய ஹாக்ஸ்ஹெட்டில் கிடந்த கல் ஈலாவானால் பெரும்பாலும் இருக்கும்.

இன்னொன்றையும் சரிசெய்ய வேண்டும். கோடையில் திறந்து கால்வாசிக்கு வந்த பாட்டிலில் முக்கால்வாசி காற்று. காற்றுபட்ட விஸ்கியில் முதலில் மங்குவது மேலே மிதக்கும் பழ வாசனைகளும் புகையின் கூர்மையும். உங்கள் 12 ஆண்டு மென்மையாகத் தோன்றியதில் இதற்கும் பங்கிருக்கலாம். முடிந்தால் புதிதாகத் திறந்த ஒன்றிலிருந்து சிறிது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் ஒருவரை மூன்று கோப்பைகளில் ஊற்றச் சொல்லுங்கள்: இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. எது தனி என்று லேபிள் பார்க்காமல் கண்டுபிடிக்க வேண்டும். தற்செயலாகவே மூன்றில் ஒருமுறை சரியாக வரும் என்பதால் ஒருமுறை வென்றதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். பல மாலைகளில் செய்யுங்கள். விழுங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, துப்பிவிடுவதில் வெட்கமில்லை. நண்பரையும் உட்கார வையுங்கள்.

தண்ணீர் விடுவது பாவம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விஸ்கி சேர்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் மாதிரிகளை 20 சதவீதம் வரை இறக்கித்தான் முகர்கிறார்கள். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினி மாதிரியாக்கம் வழியே ஒன்றைக் காட்டினார்கள்: புகைவாசனைக்குக் காரணமான சேர்மங்களுள் ஒன்றான குவையகோல், வீரியம் மிகும்போது ஆல்கஹாலால் சூழப்பட்டு உள்ளே தங்கிவிடுகிறது, தண்ணீர் சேர்ந்தால் மேற்பரப்பை நோக்கி வருகிறது. அது ஒரே ஒரு சேர்மத்தைப் பற்றிய கணக்கு என்பதை மறக்காமல் இருந்தால், உங்கள் கோப்பையில் நடந்ததை விளங்கிக்கொள்ள உதவும்.

சாயத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. ஜெர்மனியில் விற்கும் பாட்டில்களின் லேபிள்களில் சாயம் சேர்த்திருந்தால் குறிப்பிட்டே ஆக வேண்டும். மற்ற பல நாடுகளில் அந்தக் கட்டாயம் இல்லை. அதன் அளவு சுவையில் தெரிகிற அளவா என்பதில் குடிப்பவர்கள் முடிவில்லாமல் சண்டையிடுகிறார்கள். என் மனக்குறை வேறு. நிறத்தை வைத்துப் பீப்பாயை ஊகிக்கலாம் என்ற ஒரு சிறு துப்பையும் அது அழித்துவிடுகிறது.

ஒப்பிட்டுப் பழக வேண்டுமானால் இந்த இரண்டு கல் ஈலாக்களைவிட நல்ல ஜோடிகள் இருக்கின்றன. லகவூலின் 16 ஆண்டும், அதையே கடைசியில் பெட்ரோ ஹிமெனெஸ் என்ற இனிப்பு ஷெர்ரியின் பீப்பாய்க்கு மாற்றி வைக்கும் டிஸ்டில்லர்ஸ் எடிஷனும் 43 சதவீதமே. வடிப்பாலை, வீரியம், புகை எல்லாம் ஒன்று. மாறுவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பீப்பாய் மட்டும். எனக்கு 16 ஆண்டுதான் பிடிக்கும். மற்றதில் உலர்திராட்சையின் இனிப்பு புகையின் மேல் போர்வையாக விழுந்துவிடுகிறது. தண்ணீரின் விளைவை அறிய, ஐலாவின் லஃப்ராய்க் வடிப்பாலையின் 10 ஆண்டையும், அதைப் பீப்பாயின் வீரியத்திலேயே அடைக்கும் வெளியீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஒன்றுதான்.

ஷெர்ரி கல் ஈலாவைப் பற்றி. முழுக்க ஷெர்ரி பீப்பாயில் கிடந்ததா, அல்லது கடைசிச் சில மாதங்கள் மட்டும் அங்கே மாற்றப்பட்டதா என்று முதலில் லேபிளைப் பாருங்கள். 1980-களில் ஸ்பெயினுக்கு வெளியே ஷெர்ரியைப் பீப்பாயோடு அனுப்புவது நின்றுபோனதால், இன்று ஷெர்ரி பீப்பாய் எனப்படுபவை பெரும்பாலும் விஸ்கிக்காகவே ஷெர்ரி ஊற்றிப் பழக்கப்பட்டவை. அவற்றில் தரம் மிகவும் ஏறி இறங்கும். கல் ஈலாவின் எலுமிச்சையும் உப்பும் அந்த இனிப்பில் எளிதில் மூழ்கிவிடக் கூடியவை. என் பணமாக இருந்தால் பழைய ஹாக்ஸ்ஹெட்டில் இன்னொரு பீப்பாயைத் தேடுவேன். முழுப் பாட்டில் வாங்குமுன், பிரிட்டனில் பல கடைகள் விற்கும் 30 மில்லி சாம்பிள் அதற்கும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் அந்த மூன்று கோப்பைகளில் ஒன்றாக அதை வையுங்கள்.