தெரிந்தால் சொல்கிறேன்: சுகர் ஷாப் நால்வர்

*கேள்வி: டைட்டானிக் படத்தில் கப்பலை வடிவமைத்தவராக வருபவர், ஒரு காலத்தில் கனடாவில் பாட்டுக்காரராக இருந்தார் என்கிறான் என் மகன். பத்து டொலர் பந்தயம். யார் பக்கம் சரி? (மார்க்கத்திலிருந்து ஒரு வாசகி)*

பத்து டொலரை மகனிடம் கொடுத்துவிடுங்கள். அவர் பெயர் விக்டர் கார்பர். 1949 இல் ஒன்ராறியோவில் உள்ள லண்டனில் பிறந்தவர். கப்பல் தாழத் தொடங்கிய பிறகு, கணப்புக்கு மேலே இருக்கும் மணிக்கூட்டின் முள்ளை ஒருவர் நிதானமாகத் திருத்தி வைப்பாரே, தோமஸ் ஆண்ட்ரூஸ், அவரேதான்.

1967 இல் அவர் 18 வயதுப் பெடியன். நாட்டார் பாடல்களைப் பாடித் திரிந்தவர், பீற்றர் மான், லோரி ஹூட், லீ ஹாரிஸ் ஆகிய மூவரோடு சேர்ந்து ரொறன்ரோவில் "த சுகர் ஷாப்" என்ற குழுவைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் ஷாப்புக்குப் பின்னால் தேவையில்லாமல் இரண்டு எழுத்தைக் கூட்டி, பழங்காலத்து மிட்டாய்க் கடைப் பலகை மாதிரி எழுதினார்கள். அந்த வருடத்துப் பாஷன் அது.

*கேள்வி: சுகர் ஷாப் பாடியதை "சன்ஷைன் பொப்" என்கிறார்களே, அது என்ன வகை? (ஸ்காபரோ வாசகர்)*

பெயர் பிறகு வந்தது. பழைய இசைத்தட்டுச் சேகரிப்பவர்கள் வைத்த பெயர். 60களின் நடுவில் கலிபோர்னியாப் பக்கம் கிளம்பிய பாட்டு வகை. த மாமாஸ் அண்ட் த பாப்பாஸ், த அசோசியேஷன், த ஃபிஃப்த் டைமென்ஷன் எல்லாம் இந்தக் கூட்டம்தான். மாமாஸ் அண்ட் த பாப்பாஸில் பாடிய டெனி டோஹர்ட்டி நம்முடைய ஹாலிஃபாக்ஸ்காரர் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நம் காதுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் கச்சேரியில் இரண்டு பேர் சேர்ந்து பாடினாலும் மெட்டு ஒன்றுதான், இருவரும் அதே ஸ்வரத்தில் நிற்பார்கள். இங்கே ஒருவர் மெட்டைப் பிடிக்க, இன்னொருவர் அதற்கு மேலே, மற்றவர் கீழே, நாலாமவர் வார்த்தையே இல்லாமல் "பா... பா..." என்று போவார். முதலில் கேட்டபோது எனக்கு ஒரே இரைச்சலாகத்தான் பட்டது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மெட்டை விட்டுவிட்டு, ஆகக் கீழே போகும் குரலை மட்டும் பிடியுங்கள். மூன்றாம் தடவை கேட்கும்போது அந்தக் குரல் தனியாகக் கழன்று வரும். அடுத்து அதற்கு மேலே உள்ளது. நான்கையும் பிரித்துக் கேட்டுவிட்டால் பிறகு விட மனம் வராது.

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊரிலிருந்துகொண்டு வெயில் பாட்டுப் பாடக் கிளம்பிய துணிச்சலையும் கொஞ்சம் மெச்ச வேண்டும்.

*கேள்வி: இவர்களுக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் ஓடியதாமே? (மிசிசாகா வாசகர்)*

ஒன்று நன்றாக ஓடியது என்று சொல்லுங்கள், அதுதான் நியாயம். அது சொந்தப் பாட்டும் இல்லை. 1967 கனடாவுக்கு நூறாவது பிறந்தநாள். மொன்றியலில் எக்ஸ்போ 67 பொருட்காட்சி நடந்தது. அந்த வருடத்துக்கென்று பொபி கிம்பி என்ற ட்ரம்பெட் கலைஞர் ஒரு பாட்டுக் கட்டினார். தலைப்பு வேறென்ன, "கனடா" தான். நாட்டின் பெயரை அசை அசையாகப் பிரித்து, ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து, குழந்தைகள் விரல் விட்டு எண்ணுகிற மாதிரி வரும். தோளில் மேலங்கி, கையில் கல் பதித்த ட்ரம்பெட், பின்னால் வரிசையாகப் பிள்ளைகள் என்று கிம்பி ஊர் ஊராக ஊதிக்கொண்டே போனார்.

1987 இல் நான் குடியிருந்த நிலக்கீழ் அறையின் வீட்டுக்காரி, பனி வழிக்கும்போதெல்லாம் எதையோ முணுமுணுப்பார். ஒருநாள் கேட்டேன். மண்வெட்டியை நட்டுவிட்டு, இரண்டு கையையும் வீசி, பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி வந்தது போல நின்ற இடத்திலேயே நடந்து காட்டினார். 67 இல் அவருக்குப் பத்து வயது. "அந்த வருடம் முழுக்க இதைத்தான் பாடினோம், பாடிப் பாடி வெறுத்தே போனது" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது அடியையும் பாடினார்.

அந்தப் பாட்டைத்தான் சுகர் ஷாப் நால்வரும் எடுத்துத் தங்கள் பாணியில் குரல்களை அடுக்கிப் பாடினார்கள். கனடாவின் முதல் நாற்பது பாடல்களுக்குள் வந்தது. 67, 68 இல் இன்னும் மூன்று பாடல்கள் முதல் நூறுக்குள் வந்தன. 1968 இல் கேப்பிட்டல் நிறுவனம் அவர்களுடைய எல்பியை, அதாவது பெரிய இசைத்தட்டை, வெளியிட்டது. அமெரிக்காவில் பீட்டில்ஸ் தட்டுகளைப் போட்ட அதே கேப்பிட்டல்தான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியிலும் ஜொனி கார்சனின் டுநைட் ஷோவிலும் போய்ப் பாடினார்கள். அந்தக் காலத்து வட அமெரிக்காவில் ஒரு குழு இதற்கு மேல் ஏறிப் போக மேடை கிடையாது.

*கேள்வி: அவ்வளவு தூரம் போனவர்கள் ஏன் கலைந்தார்கள்? சண்டையா? (அதே வாசகர், இரண்டாம் கடிதத்தில்)*

சண்டைக் கதை எதுவும் என்னிடம் இல்லை. என் கணக்கில் நேரம்தான் காலை வாரியது. 1968 இல் காற்று மாறிவிட்டது. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கிட்டார் அலறிக்கொண்டிருந்தபோது "பா... பா..." யாருக்கு வேண்டும்? மாமாஸ் அண்ட் த பாப்பாஸே அந்த வருடம் பிரிந்துவிட்டார்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வானொலி. அப்போது கனடிய நிலையங்கள் அமெரிக்கப் பாட்டையே சுற்றிச் சுற்றிப் போட்டன. உள்ளூர்க் குழு, எல்லைக்கு அப்பால் வென்று காட்டினால்தான் உள்ளூரில் மதிப்பு. 1971 ஜனவரியில்தான் சட்டம் வந்தது: ஏஎம் நிலையங்கள் போடும் பாட்டில் 30 சதவீதம் கனடியப் பாட்டாக இருக்க வேண்டும். எது கனடியப் பாட்டு என்று பார்க்க நான்கு கேள்விகள். இசை யாருடையது, பாடியவர் யார், எங்கே ஒலிப்பதிவானது, வரிகள் யாருடையவை. இரண்டு தேறினால் போதும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஒலிபரப்பு ஆணையத்தின் தலைவர் பியர் ஜூனோ. வருடாவருடம் கொடுக்கிறார்களே ஜூனோ விருது, அது இவர் பெயரால் வந்தது.

சரி, சுகர் ஷாப்பை அந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். கிம்பி பாட்டு கண்ணை மூடிக்கொண்டு தேறும். அவர்கள் பாடிய "ஸ்கிப்-எ-லோங் சாம்" ஸ்கொட்லாந்துக்காரர் டொனவன் எழுதியது, ஆகவே இசையும் வரிகளும் போச்சு. பாடியவர்கள் கனடியர் என்பதற்கு ஒரு மதிப்பெண், மிச்சம் ஸ்டூடியோ எல்லையின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது. சட்டம் வந்திருந்தாலும் பாதிப் பாட்டுக்குத்தான் உதவியிருக்கும் என்று நீங்கள் வாதாடலாம். எனக்கு அந்தப் பாதியே போதும். அது வருவதற்குள் கடையைச் சாத்திவிட்டார்கள்.

கார்பர் சும்மா இருக்கவில்லை. 1972 இல் ரொறன்ரோவில் மேடையேறிய "கொட்ஸ்பெல்" இசை நாடகத்தில் நடித்தார். கூட நடித்தவர்கள், பின்னாளில் நகைச்சுவையில் பேர் வாங்கிய யூஜின் லெவி, மார்ட்டின் ஷோர்ட், கில்டா ராட்னர், அண்ட்ரியா மார்ட்டின். பியானோவில் போல் ஷாஃபர். ஒரே மேடையில் இத்தனை பேரா என்று இன்றைக்கும் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த வருடம் அதன் திரைப்படத்தில் இயேசுவாக வந்தார். ஆர்கோ படத்தில் கனடியத் தூதர் கென் டெய்லராக வருபவரும் அவர்தான்.

*கேள்வி: எல்பி உங்களிடம் இருக்கிறதா? ஒரு வாரத்துக்குத் தர முடியுமா? (முதல் வாசகியின் மகன், தாயின் கடிதத்துக்கு அடியில்)*

இருக்கிறது. 90களின் தொடக்கத்தில் ஒரு கராஜ் சேலில், உடைந்த டோஸ்டருக்கும் பனிச்சறுக்குச் சப்பாத்துக்கும் நடுவில் கிடந்தது. ஐம்பது சதம். அன்றைக்கு எனக்கு கார்பர் யார் என்று தெரியாது, பெயரைப் பார்த்து வாங்கினேன். உறையின் மூலையில் யாரோ பேனாவால் தொலைபேசி எண் எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல், அந்த இடத்தில் நால்வரும் ஒரே சொல்லை விடாமல் பாடிக்கொண்டே இருப்பார்கள், ஊசியைக் கையால் தள்ளிவிட வேண்டும். எங்கே, எவ்வளவு மெல்லத் தள்ள வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே தம்பி, இரவல் கிடையாது. அம்மாவிடம் வாங்கிய பத்து டொலருக்கு ஏதாவது பலகாரம் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிறு பின்னேரம் வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.