ஊருணி நீச்சல் கோல்ட் கோஸ்ட் கடலுக்குப் போதுமா?

தம்பி, சிட்னியில் படிக்கிறீர்கள், டிசம்பர் லீவில் நண்பர்களோடு கோல்ட் கோஸ்ட் போகிறீர்கள். தேவகோட்டை ஊருணியில் பழகிய நீச்சலை நம்பிக் கடலில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்கலாம், கடற்கரை உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு-மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மட்டும். அவர்கள் போனபின் வேண்டவே வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் ஏமாறுவது, அலை குறைந்து கொஞ்சம் கருத்து அமைதியாகத் தெரியும் பட்டையில். பத்திரம் என்று நினைத்து அங்கேதான் இறங்குவார்கள். கரையில் மோதிய தண்ணீர் ஆழமான பள்ளம் வழியே கடலுக்குத் திரும்பும் பாதை அது. மாட்டிக்கொண்டால் நேராகக் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். இழுப்பை எதிர்த்துக் கை ஓய்ந்துதான் ஆள் மூழ்குவது. மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கம் ஒதுங்குங்கள். கரையிலிருப்பவர் அழைக்க வேண்டிய அவசர எண் 000.

புளூபாட்டில் (ஜெல்லிமீன் போன்ற நீலநிறக் கடலுயிர்) கொட்டினால் தேய்க்காமல் கடல் தண்ணீரில் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் 20 நிமிடம். வினிகர் ஊற்றக் கூடாது.

'நம்ம நிறத்துக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்' என்ற பேச்சு அந்த வெயிலில் எடுபடாது. எஸ்பிஎஃப் (வெயில் தடுக்கும் அளவு) 50+, உடம்பு முழுக்க ஏழு டீஸ்பூன், வெளியே கிளம்ப 20 நிமிடம் முன்பு. இரண்டு மணிக்கொரு முறை மறுபடியும்.

கொறிக்கத் தேன்குழல் போதும். மாவுருண்டை அறையிலேயே இருக்கட்டும், நெய் இளகி உதிர்ந்து மணலோடு மணலாகிவிடும்.

அப்புறம், டிசம்பரில் சிட்னி நேரம் கோல்ட் கோஸ்ட்டைவிட ஒரு மணி முன்னால் ஓடும். திரும்பும் டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம்.